பாத்தனீங்களோ, கேள்விப்பட்டனீங்களோ?

அவர் கோட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகோனில் ஒரு குடியிருப்பின் நிலவறையில், கூரையோடு வெந்நீர்க் குழாய்கள் ஓடும் அறையில், நாங்கள் மூன்று பேர் சட்டைக் கையை மடித்துவிட்டு வியர்த்துக்கொண்டிருப்போம். அவர் சாம்பல் நிறக் குளிர்காலக் கோட்டை மேல் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். அவருக்கென்று ஒரு கதிரை இருந்தது. அதில் அவருடைய கைப்பை இருந்தது.

"இருமன் பிள்ளை," என்றால், "ஓம் அண்ணை, இருக்கிறன்," என்று சொல்லிக்கொண்டே இன்னொரு சுற்று வருவார்.

அப்போது அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். எனக்கு ஐம்பத்திரண்டு. அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் முன்பு செய்த வேலையில் அவருக்குப் பெயர் கிடையாது. தஞ்சம் கேட்டு வருபவர்களை விசாரிக்கும் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கேட்டவருக்குக் குறிப்பில் பெயர் உண்டு, பதில் சொன்னவருக்குப் பெயர் உண்டு, இடையில் இருந்தவருக்கு ஒரு கிறுக்கல் கையெழுத்து மட்டும். "நான் அங்கை இது மாதிரி," என்று கூரைக் குழாயைக் காட்டுவார். "தண்ணி போய்ச் சேர்ந்தாச் சரி." நான் அறிந்த காலத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளராக இருந்தார். அங்கே வெள்ளைக் கோட்டு. அதையாவது வேலை முடிந்ததும் கழற்றினாரா என்பது எனக்குத் தெரியாது.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் தமிழ்.

தமிழில் 'ஆம்' என்று ஓர் அற்புதமான வால் இருக்கிறது. தனியாக நின்றால் சம்மதம். வினைச்சொல்லின் பின்னால் ஒட்டினால், "நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், பிழையென்றால் என்னிடம் வராதீர்கள்" என்று அர்த்தம். வந்தார் என்றால் வந்தார். வந்தாராம் என்றால், வந்தாரோ வராமல் விட்டாரோ, எனக்கு அதில் பங்கில்லை. எங்கள் குடும்பத்தில் இந்த வால் இல்லாமல் யாரும் வாயைத் திறப்பதில்லை. என் பெரியம்மா தலை முதல் கால் வரை நனைந்துகொண்டு வந்து, "வெளியிலை மழையாம்," என்பார்.

மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தபோது, 'ஸோல்' என்ற சொல்லும் சில இடங்களில் இதே வேலையைச் செய்யும் என்று ஆசிரியை சொன்னார். எனக்குக் கூட்டத்தில் சொந்தக்காரனைக் கண்ட சந்தோஷம். அன்றிலிருந்து நான் பேசிய ஜெர்மனில் பாதி 'ஸோல்'.

அதோடு குடியுரிமை நேர்காணலுக்குப் போனேன். லிம்மாட் பள்ளத்தாக்கில் நான் இருக்கும் ஊரில், மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஊரில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று கேட்டார்கள். "நீச்சல்குளம் இருக்கிறதாம்," என்றேன். "நூலகமும் இருக்கிறதாம்." நகரசபை எங்கே? "இந்தக் கட்டடத்தில்தானாம்." மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு? "ஊருக்கு நடுவே ஓடுகிறதாம்." இருபத்தேழு வருடமாக அந்த ஆற்றைக் கடந்துதான் பொதிக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போகிறேன். இரண்டு குடைகளை அதில் பறிகொடுத்திருக்கிறேன்.

கடிதம் மரியாதையாகத்தான் வந்தது. விண்ணப்பதாரர் தன் வாழிடத்தை நேரடியாக அறிந்தவராகத் தெரியவில்லை. உள்ளூர்ச் சமூக வாழ்வில் பங்கெடுப்பது நன்று. ஒரு வருடம் கழித்து மீண்டும் வரலாம்.

வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் சிவப்புக் கடவுச்சீட்டு. லண்டனில் கல்யாணவீடு என்றால் அவர்கள் இருவரும் விமான நிலையத்து இயந்திரக் கதவால் ஒரு நிமிடத்தில் போய்விடுவார்கள். நான் வளைந்து வளைந்து போகும் வரிசையில் நிற்பேன். மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, மிருகக்காட்சிசாலையில் கரடிக்குக் காட்டுவதுபோல் கை காட்டுவாள். "அடுத்த முறையும் பெயில் எண்டால் நான் லண்டனுக்குத் தனியத்தான் போவன்," என்றார் மனைவி. முப்பது வருடத்தில் அவர் சும்மா சொன்னது எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

மகள்தான் வழி சொன்னாள். "அப்பா, நீங்கள் ஒரு ஃபெராயினிலை சேரோணும்." ஃபெராயின் என்றால் சங்கம்.

"தமிழ்ச் சங்கத்திலை இருக்கிறன்தானே?"

"உண்மையான ஃபெராயின் அப்பா."

ஓர்லிகோன் தமிழ்க் கடைக் கதவில் ஒட்டியிருந்த ஓர் அறிவித்தலைப் படமெடுத்துக்கொண்டு வந்தாள். கையெழுத்தில் இருந்தது: "கதை விளையாட்டுச் சங்கம். ஞாயிறு இரண்டு மணி. முன் அனுபவம் வேண்டாம். பொய் சொல்லலாம். கேள்விப்பட்டதைச் சொல்லக் கூடாது."

என்னை எப்படித் தெரிந்து எழுதினார்கள் என்று யோசித்தேன்.

மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வாயாலேயே கதையை நடத்திப் போகும் விளையாட்டு அது. இருபது முகம் கொண்ட தாயக்கட்டை ஒன்றும் உண்டு, முடிவெடுக்க முடியாத இடத்தில் உருட்ட. ஒருவர் கதையை நடத்துவார். கதை நடக்கும் உலகம் தடித்த புத்தகமாக அச்சாகிக் கடையில் கிடைக்கும். வரைபடம், அரசர், பூதம், சட்டதிட்டம், கோபுரத்துக்கு எத்தனை படி என்பது வரை எல்லாம் அதில் இருக்கும். உலகெங்கும் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பூதத்தைக் கொன்று புதையலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

எங்கள் சங்கத்தில் கதையை நடத்தியவர் அந்தக் கோட்டுப் பெண். அவர் அப்படி ஒருநாளும் நடத்தியதில்லை.

முதல் ஞாயிறு பேய் வீடு. என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரஞ்சன், மட்டக்களப்புக்காரர், அட்லிஸ்வில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. மற்றவர் காயத்ரி, சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்து ஓர்லிகோனிலேயே இருப்பவர். நான் நல்ல மாணவனாக ஆரம்பித்தேன். "இந்த வீட்டிலை பேய் இருக்காம்."

அவர் நடப்பதை நிறுத்திக் கையை உயர்த்தினார். விசாரணையில் பேசுபவரை இடைநிறுத்த மொழிபெயர்ப்பாளர் உயர்த்தும் கை அது என்று பிறகுதான் தெரிந்தது.

"பாத்தனீங்களோ, கேள்விப்பட்டனீங்களோ?"

"இப்பதானே பிள்ளை வந்து இருந்தனான்."

"அப்ப சொல்லாதேங்கோ. பாத்திட்டுச் சொல்லுங்கோ."

ரஞ்சன் கேட்டார். "மறுகா, பேய் எப்ப கா வரும்?"

"நீங்கள்தான் பேய்."

நாங்கள் மூவரும் அந்த மாளிகையில் இருநூறு வருடமாகக் குடியிருக்கும் பேய்கள். வீட்டு நிர்வாகம் எங்களுக்கு வெளியேறும் கடிதம் கொடுத்துவிட்டது. திங்கள் காலை எட்டு மணிக்குப் பரிசோதகர் வருவார், வீட்டைத் துடைத்து ஒப்படைக்க வேண்டும். எங்கள் கையோ பஞ்சை ஊடுருவிக்கொண்டு போகிறது. சுவிட்சர்லாந்தில் ஒரு வீட்டையாவது ஒப்படைத்தவருக்குத் தெரியும், பேயெல்லாம் ஒரு பயமே இல்லை. சூடாக்கிக்குப் பின்னால் விரலை விட்டு இழுத்து, வெளிச்சத்தில் அந்த விரல் நுனியைப் பார்க்கும் மனிதர்தான் பயம். ஒவ்வொரு அமாவாசைக்கும் மரத் தளத்தில் தானாகத் தோன்றும் இரத்தக்கறை சாதாரணப் பாவனைத் தேய்மானமா, குடியிருந்தவர் செய்த சேதமா என்று இரண்டு ஞாயிறு வாதாடினோம். ரஞ்சனுக்கு உண்மையிலேயே வியர்த்தது.

"புத்தகத்திலை ஓர் எழுத்தையும் நான் மாத்தேல்லை," என்றார் அவர். "வீடும் அதேதான், கறையும் அதேதான். கேள்வியைத்தான் மாத்தினனான்."

அதுதான் அவருடைய ஒரே விதி. எழுதியிருப்பதைத் தொடக் கூடாது. புத்தகத்தில் இல்லாத ஒரு யன்னலை நான் சேர்க்கப் பார்த்தால் கை உயர்ந்துவிடும். ஆனால் புத்தகத்தைச் செய்தவர்கள் கனவிலும் நினைக்காத கேள்வியை அதே யன்னலிடம் கேட்கலாம். வேற்றுக்கிரக அரக்கர்களோடு சண்டை பிடிப்பதற்கென்று எழுதப்பட்ட விண்வெளிக் கப்பல் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அதில் அவர் நடத்தியது ஒரு கல்யாணம். கப்பலில் சூரியோதயம் கிடையாது, ஆகவே ராகுகாலத்தை எதிலிருந்து எண்ணுவது? ஐயராக நான். மணப்பெண்ணின் தாயாகக் காயத்ரி, "உதயம் இல்லன்னா ராகுகாலமும் இல்லைங்க, எப்ப வேணா கட்டலாம்," என்றார். மாப்பிள்ளை வீட்டாராக ரஞ்சன் ஒருவரே எழுபது பேராகக் கோபித்துக்கொண்டு எழும்பினார். கடைசியில் தாலியை எடுத்து நீட்டும் இடம் வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெயினுக்கு நேரமாச்சு."

"பிள்ளை, தாலி கையிலை நிக்குது!"

"நிக்கட்டும்."

"முடிவு?"

"முடிவு எங்களுக்கு வாறேல்லை அண்ணை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து பல முறை கேட்டிருக்கிறேன். அவர் நடத்திய எந்தக் கதையும் முடிந்ததில்லை. பேய்களின் வீட்டுக்குப் பரிசோதகர் மணி அடித்ததோடு சரி. ஆட்டம் முடியும் ஒவ்வொரு முறையும், நடுவே கோடு கிழித்த தன் குறிப்புத் தாளை நான்காய்க் கிழித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். அடுத்த ஞாயிறு, போன முறை எங்கே விட்டோம் என்று எங்களுக்குள் அடிபடுவோம். "ரஞ்சன் ஒத்துக்கொண்டவராம்," என்று நான் ஆரம்பிப்பேன். கை உயரும்.

இப்படி எட்டு மாதம். என் ஜெர்மனில் 'ஸோல்' மெல்லமெல்லக் குறைந்தது. ஒருநாள் வேலையில், "லிஃப்ட் பழுதாம்," என்று சொல்வதற்குப் பதில் போய்ப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். மேலாளர் என் உடல்நலத்தை விசாரித்தார்.

ஒரு தேநீர் இடைவேளையில் நான் என் சைக்கிள் கதையைச் சொன்னேன். நான் நகைச்சுவையாக எழுதியவற்றில், சொன்னவற்றில், எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சிரிப்பது அதுதான். பிறந்தநாள் வீடுகளில், "அண்ணை, அந்த ரசீதுக் கதை," என்பார்கள். நான் எட்டாம் வகுப்பில் இருந்த காலம். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சிலர் எங்கள் வீட்டுக்கு வந்தவையாம். எந்தச் சிலர் என்று கேட்காதீர்கள், எங்கள் பக்கம் துவக்கோடு வந்தவர்களில் பல வகை. வாத்தியாரான அப்பாவின் சைக்கிளைக் கேட்டவையாம். அப்பா, ஒழுங்கு பிசகாத மனிதர், "கொண்டு போங்கோ, ஆனால் ரசீது வேணும்," எண்டவராம். வந்தவர்களில் ஒருவன் சைக்கிள் மணியைக் கழற்றி அப்பாவின் கையில் வைத்து, "இந்தாரும் ரசீது," எண்டவனாம்.

காயத்ரி தேநீரைத் துப்பிவிட்டார். ரஞ்சன் மேசையில் அடித்துச் சிரித்தார். அவர் மட்டும் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பாத்ததோ, கேள்விப்பட்டதோ?"

"இடைவேளையிலையுமோ பிள்ளை! கேள்விதான்."

"ம்," என்றார். கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு இன்னொரு சுற்றுப் போனார்.

பிறகு அந்தப் பள்ளத்தாக்குக் கதை வந்தது. நேர்காணலுக்கு ஒரு மாதம் இருந்தது.

புத்தகத்தில் அது சாதாரண டிராகன் கதை. மலையில் டிராகன், கீழே அரசர், நடுவில் வீரர்கள். அவர் கேட்ட கேள்வி வேறு. டிராகன் வந்துவிட்டுப் போய்விட்டது. மேல் கிராமத்தார் பனியில் இறங்கி அரசரின் வாசலில் நிற்கிறார்கள். டிராகனால் வீடு இழந்தவரை மட்டும் உள்ளே விடுவது அரசரின் சட்டம். விசாரணை நடக்கிறது. காயத்ரி அரசர், ரஞ்சன் வாசற்காவலர், நான் மலைப் பாஷையை அரசரின் பாஷைக்கு மாற்றும் எழுத்தர். கிராமத்தார் எல்லோரும் அவர்.

முதலாவதாக ஒரு பெண் வந்தார். கதை நடத்தும் அவர் குரலை மாற்றவில்லை. கண்ணை மட்டும் மேசைக்குத் தாழ்த்தினார். "இரவு வந்தது. வாலாலை கதவை அடிச்சதாம்."

நான் பயிற்சி பெற்றவன். அரசரிடம் திரும்பி, "டிராகன் வாலால் கதவை அடித்தது," என்றேன்.

"சரி, உள்ள விடுங்க," என்றார் அரசர்.

அவர் நின்றுவிட்டார். "அண்ணை, ஆம் எங்கை?"

"எடுத்திட்டன். நீர்தானே எட்டு மாதமா எடு எடு எண்டனீர்."

"அது உங்கடை ஆம். இது அவவின்ரை ஆம். அதை எடுக்க நீங்கள் ஆர்?"

"மனிசி உள்ளை போயிட்டுதே. நல்லதுதானே?"

"அவ சொல்லாத சொல்லிலை போயிருக்கிறா. நாளைக்கு ஆரும் திருப்பிக் கேட்டால் அவ என்ன செய்வா?" மேசையைச் சுற்றி இரண்டு முறை வந்தார், வழக்கத்தைவிட வேகமாக. "அடுத்த ஞாயிறு திரும்ப."

ஒரே காட்சியை இரண்டாம் முறை ஆடுவது எங்கள் சங்கத்தில் அதுவே முதல். அடுத்த ஞாயிறு அதே பெண், அதே வாக்கியம். நான் வாலைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "அடித்ததாம்."

"கேள்விப்பட்டதுக்கெல்லாம் கதவு திறக்க முடியாதுங்க," என்றார் அரசர். "அடுத்தவங்க."

ரஞ்சன் தாயக்கட்டையைக் கையில் மூடிக்கொண்டார். "நான் சாத்த மாட்டன் கா. கதவு இறுகிப் போச்சு."

"இறுகேல்லை. சாத்துங்கோ ரஞ்சன்."

"பனி கொட்டுது."

"தெரியும். சாத்துங்கோ."

ரஞ்சன் சாத்தினார். அன்று யாரும் தேநீர் குடிக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறும் அதே பெண்ணைத்தான் கொண்டுவந்தார். குறிப்புத் தாளில் கோடு கிழித்து, இடது பக்கம் அவளுடைய சொல்லை எழுதிக்கொண்டு, "எழுத்தர்?" என்று என்னைப் பார்த்தார். 'ஆம்' போட்டால் பனி, எடுத்தால் பொய். நான் பகிடி ஒன்று விட்டேன், என்ன பகிடி என்று ஞாபகமில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை.

ரஞ்சன்தான் பேசினார். "கா, அந்த மனிசி கேள்விப்படல்ல."

"எப்பிடித் தெரியும்?"

"சில விசயத்தச் சொல்லக்குள்ள ஆக்கள் ஆம் போட்டுத்தான் சொல்லுவாங்க. பாத்ததால. நேரா சொன்னா அது திரும்பவும் முன்னால வந்து நிக்கும்."

அறையில் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. காயத்ரிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

"இருங்க இருங்க. பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கே. 'ஒரு வழக்கில் ஒரு முறை, எழுத்தர் தான் பேச அரசரிடம் அனுமதி கேட்கலாம்.' அப்ப சிம்பிள்ங்க. இந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, நீங்களே அந்தம்மாகிட்ட கேளுங்கன்னு ராஜாகிட்டயே சொல்லிடலாமே. நான் கேட்டிருப்பேனே!"

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "இது முந்தியே இஞ்சை இருந்ததோ?"

"அச்சடிச்ச புத்தகம்ங்க."

அவர் கதிரையிலிருந்த கைப்பையை எடுத்து நிலத்தில் வைத்தார். உட்கார்ந்தார். கோட்டோடு, முழங்காலில் கை வைத்து, பல்வைத்தியரிடம் முறைக்குக் காத்திருப்பவர்போல். எட்டு, ஒன்பது மாதத்தில் அவர் உட்கார்ந்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான். பிறகு எழும்பி, "ரெயினுக்கு நேரமாச்சு," என்றார். ஆகவில்லை. எங்கள் எல்லோருக்கும் நேரம் தெரியும்.

மேசையில் குறிப்புத் தாள் கிழிக்கப்படாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில், பொதிக் களஞ்சியத்து முதுகோடு, ஓர்லிகோன் நிலையப் படிகளில் ஓடுவது பார்ப்பவருக்கு நல்ல பொழுதுபோக்கு. மேடையில் அவர் நடந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை, தாளை விட்டிட்டீர்."

அவர் வாங்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார். பெயர் சொல்ல மாட்டேன், ஊர் சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது. ஒரு பெண். விசாரணையில் மூன்று மணித்தியாலம் பதில் சொன்னாள். ஓரிடத்தில், "கதவை அடிச்சவையாம்," என்றாள்.

"நான் அப்பிடியே குடுத்தன் அண்ணை, ஆமோடை. ஜெர்மனிலை தெளிவா இருந்தது, விசாரிச்சவை மேலை ஒண்டும் கேக்கேல்லை. முடிவிலை முழுக்கத் திருப்பித் தமிழிலை வாசிச்சுக் காட்டோணும். வாசிச்சன். 'அடிச்சவையாம்' எண்டு வாசிக்கேக்கை ஓம் எண்டு தலையாட்டினா. ஒவ்வொரு பக்கத்திலையும் கையெழுத்து வைச்சா. நான் ஒரு பிழையும் விடேல்லை."

"பிறகென்ன?"

"எல்லாம் முடிஞ்சு எழும்பியாச்சு. வாசலுக்குப் போனவ திரும்பி என்னைப் பாத்து, 'அப்பிடி அடிச்சவை அக்கா,' எண்டு கையைக் காட்டினா. இப்பிடி." அவர் நின்றார். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னே விரித்து, தோளைக் குனிந்து, எதையோ தள்ளிப் பிடித்தார். கைகள் அதிர்ந்தன. "இது கேள்விப்பட்ட ஆளின்ரை கையோ? கதவுக்கு இஞ்சாலை நிண்டு பிடிச்ச கை. பதிவு முடிஞ்சுது. நான் அப்ப கோட்டைப் போட்டிட்டன் அண்ணை."

"அவவுக்கு என்ன நடந்தது?"

"முடிவு எங்களுக்கு வாறேல்லை."

ரெயின் தூரத்தில் தெரிந்தது. நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும். "உம்மிலை பிழை இல்லைத்தானே," என்றேன்.

"இவ்வளவு நாளும் அப்பிடித்தான் நினைச்சனான். அங்கையும் அந்த விதி இருக்கு. கையை உயர்த்தி, 'இந்தச் சொல்லுக்கு ரெண்டு கருத்து' எண்டு சொல்லலாம். படிச்சனான், சோதினையிலை எழுதினனான். காயத்ரி வாசிக்கேக்கைதான்..." கதவு திறந்தது. ஏறியவர் திரும்பினார். "தாளை நீங்களே வைச்சிருங்கோ. அண்ணை, சைக்கிள் கதையிலை உங்கடை பெருவிரல் ஆடுது, தெரியுமோ?"

கதவு மூடியது. நான் என் வலது கையைப் பார்த்தேன். அது சும்மா இருந்தது. தாளில், கோட்டுக்கு இடது பக்கம் "அடிச்சதாம்" என்றிருந்தது. வலது பக்கம் வெறுமை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பல்வைத்தியரிடம் விசாரித்தோம், விலகிவிட்டார் என்றார்கள். எங்களிடம் இருந்த தொலைபேசி எண்ணில் யாரும் எடுக்கவில்லை. நாங்கள் மூவரும் அறையில் கூடி, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அரசர், காவலர், எழுத்தர் என்று இருந்தோம். கிராமத்தார் இல்லாமல் விசாரணை நடத்த முடியவில்லை.

நேர்காணல் நாள் வந்தது. அதே அறை, அதே மூன்று பேர். நடுவில் இருந்த பெண்மணியிடம் என் பழைய கோப்பு.

நீச்சல்குளம் இருக்கிறது என்றேன். தண்ணீர் குளிர் என்றேன், ஏனென்றால் இறங்கிப் பார்த்திருந்தேன். நகரசபை இந்தக் கட்டடம். ஆறு ஓடுகிறது. சங்கம் ஏதும்? உண்டு. என்ன செய்வீர்கள்? "ஒருமுறை ஒரு வீட்டைப் பேய்களாக இருந்து சுத்தம் செய்து ஒப்படைக்கப் பார்த்தோம்." இடது பக்கத்து மனிதர் நிமிர்ந்தார். விளக்கினேன். இரத்தக்கறைப் பகுதியில் அவர் மேசை மேல் குனிந்து, "தேய்மானமா, சேதமா?" என்றார். தேய்மானம் என்று வாதாடினோம் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அவருக்கும் வீடு மாறிய அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

பெண்மணி கோப்பைப் புரட்டினார். "நகைச்சுவை எழுதுவீர்கள் என்று இருக்கிறது. ஒன்று சொல்லுங்களேன், சுருக்கமாக."

எனக்கு நல்ல காலம் என்று நினைத்தேன். சைக்கிள் கதை ஜெர்மனிலும் தண்ணீர்பட்ட பாடு, வேலையிடத்தில் பல முறை சொன்னது. "எங்கள் வீட்டுக்குத் துவக்கோடு சிலர்," என்று தொடங்கினேன். அடுத்து வழக்கமாக வரும் 'ஸோல்' வரவில்லை. தேடினேன். மூவரும் காத்திருந்தார்கள்.

"வந்தார்கள்," என்றேன்.

அப்புறம் வந்ததெல்லாம் நான் சொல்ல நினைத்தவை அல்ல. நான் படலைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். சைக்கிளை எடுத்தார்கள். மணியைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்கள். அவரை வாசலில் முழங்காலில் இருத்தி, தாங்கள் மூலை திரும்பும் வரை மணி அடிக்கச் சொன்னார்கள். அடித்தார். மூலை திரும்பிப் போன பிறகும் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா போய் அவருடைய பெருவிரலைப் பிடித்தார். நான் பார்த்தேன்.

என் வலது கை மேசை மேல் இருந்தது. பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் அதை மூடினேன்.

பெண்மணி கோப்பை மூடிவிட்டுக் கேட்டார், மிகவும் மெதுவாக. "இது நகைச்சுவையா?"

"ரசீது சேர்த்தால் நகைச்சுவை," என்றேன். "ரசீதை நான்தான் சேர்த்தேன்."

அவர்களுக்கு விளங்கியிருக்காது. விளக்கம் கேட்கவில்லை.

ஏழாம் வாரம் கடிதம் வந்தது. மனைவி என் கையிலிருந்து பறித்து வாசித்துவிட்டு, "என்னத்தைச் சொல்லித் தப்பினனீங்கள்?" என்றார். ஊர் நீச்சல்குளத்தைப் பற்றி என்றேன். சைக்கிள் கதையை அதன் பிறகு நான் எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் சொல்லவில்லை. வயதாகிவிட்டது, மறதி என்று சனம் நினைக்கிறது.

அந்த ஞாயிறு கடிதத்தையும் கொண்டு ஓர்லிகோன் நிலவறைக்குப் போனேன். யாரிடம் காட்டப் போனேன் என்பது எனக்குத்தான் தெரியும். காயத்ரி கைகொடுத்தார். கதிரை வெறுமையாக இருந்தது. ரஞ்சன் என்னைக் கண்டதும் எழும்பினார்.

"அண்ணன், அக்கா திரும்ப அந்த மொழிபெயர்ப்பு வேலைக்கே போயிட்டாவாம். வேற கன்டோனாம், வேற மாகாணம்."

என் கை தானாக உயர்ந்தது. "பாத்தனீரோ, கேள்விப்பட்டனீரோ?"

"கேள்விதான் அண்ணன். எங்கட ஆள் ஒருவர் அங்க விசாரணைக்குப் போனவர். அவர் வந்து சொன்னது."

கையை இறக்கி, அவர் சொன்னதை முழுக்கக் கேட்டேன். இதுவரை நான் எழுதியதெல்லாம் நான் பார்த்தது, என் காதால் கேட்டது. இனி வருவது அப்படியல்ல, ஆகவே வாலோடே தருகிறேன். விசாரணை நடுவில் ஒரு பெண் கையை உயர்த்துகிறாராம். "இந்தச் சொல்லுக்கு எங்கள் மொழியில் இரண்டு கருத்து, தயவுசெய்து நீங்களே கேளுங்கள்," என்கிறாராம். அறைக்குள் வந்ததும் முதல் வேலையாகக் கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டுத்தான் கதிரையில் இருக்கிறாராம்.